ஒரு தடவை கேட்டா போதுமா, திரும்பத் திரும்பக் கேட்கணுமா?

கல்மண்டபம்_கடைசிப்பையன் · செவ்வாய், இரவு 11.52

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தவன். எழுதுறது இதான் முதல் தடவை.

வீடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம். அண்ணன் குடிக்கிறான். எட்டு வருஷமாச்சு. நான் பத்தாவது படிக்கும்போது ஆரம்பிச்ச ஜெபம். இப்ப நான் வேலைக்கே போயிட்டேன், ஜெபம் மட்டும் அங்கயே நிக்குது. வெள்ளிக்கிழமை உபவாசம், மாசத்துக்கு ஒரு முழு இரவு ஜெபம், அது போக அம்மா தனியா விடியக்காலை நாலு மணிக்கு முழங்கால்ல நிப்பாங்க.

போன ஞாயிறு எங்க சபைக்கு வெளியூர் ஊழியர் ஒருத்தர் வந்திருந்தார். "விசுவாசத்தோட ஒரு தடவை கேட்டுட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் நன்றி மட்டும்தான் சொல்லணும். திரும்பக் கேட்டா, முதல்ல கேட்டதை நீயே நம்பலைன்னு அர்த்தம்"னு சொன்னார். மாற்கு 11:24 காட்டினார். சபை முழுக்க அல்லேலூயா. எனக்கு மட்டும் உள்ள கணக்கு ஓடுது. எட்டு வருஷம், நாளுக்கு ஒண்ணுன்னு வெச்சாலே 2,920 தடவை. அத்தனையும் அவிசுவாசமா?

அன்னிலேர்ந்து ஜெபமே வரல. வாயைத் திறந்தா, "இது திரும்பக் கேக்கறதாச்சே"ன்னு தொண்டையிலயே நின்னுடுது. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

மணலி_சாட்சி · புதன், காலை 6.10

தம்பி, அந்த ஊழியர் சொன்னதுல தப்பு இல்ல. வசனம் தெளிவா இருக்கு: "பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள்." யாக்கோபு 1:6-ம் பாருங்க. சந்தேகப்படுகிறவன் கடலின் அலை மாதிரி. விதையை நட்டுட்டு தினமும் தோண்டிப் பாத்தா அது எப்படி முளைக்கும்?

வியாசர்பாடி_ராஜி · புதன், காலை 6.31

விதையை நட்டா தினமும் தண்ணி ஊத்தணும்ல பிரதர்? ஒரு வாட்டி ஊத்திட்டு நன்றி சொன்னா போதுமா?

(நைட் டியூட்டி முடிச்சிட்டு பஸ்ல வர்றேன். விவரமா அப்புறம் எழுதறேன்.)

பாதியில்_விட்டவன் · புதன், காலை 10.45

செமினரில ரெண்டு வருஷம் படிச்சிட்டு பாதியில விட்டவன் நான். இப்ப மிண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. கடையில கூட்டமில்ல, அதனால நீளமா எழுதறேன். பொறுத்துக்கோங்க.

மாற்கு 11:24 உண்மைதான். ஆனா அதைச் சொன்னவரே லூக்கா 18-ல, நியாயம் கேட்டு ஒரு அநீதியுள்ள நியாயாதிபதியை விடாம தொந்தரவு பண்ண விதவை கதையும் சொல்லியிருக்கார். எதுக்குச் சொன்னார்னு முதல் வசனத்துலயே இருக்கு: "சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும்." ஒரு தடவைதான் கேக்கணும்னா அந்தக் கதையே தேவையில்ல.

அந்த நியாயாதிபதி, "இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி"ங்கறான் பாருங்க. கிரேக்கத்துல அந்த இடத்துல இருக்கிற சொல்லுக்கு நேர் அர்த்தம், கண்ணுக்குக் கீழ குத்தறது. குத்துச்சண்டைச் சொல். 1 கொரிந்தியர் 9:27-ல "என் சரீரத்தை ஒடுக்கி"ன்னு பவுல் எழுதறதும் அதே சொல்தான். அதாவது அந்தப் பெரிய மனுஷன், "இந்தம்மா என் மூஞ்சியை வீங்க வெச்சுடும்"னு பயப்படறான். கேட்டவங்க சிரிச்சிருப்பாங்க. நாம அதை ரொம்ப பயபக்தியா வாசிக்கிறோம்.

லூக்கா 11-ல நடுராத்திரியில மூணு அப்பம் கேட்டு வந்த சிநேகிதன் கதையிலயும் இதே மாதிரிதான். நம்ம பைபிள்ல "வருந்திக் கேட்கிறதினிமித்தம்". மூலச் சொல்லோட அர்த்தம் வெட்கங்கெட்டதனம். ஊரே தூங்கறப்ப கதவைத் தட்டற துணிச்சல்.

"கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள்" மூணும் கிரேக்கத்துல தொடர்ந்து செய்யறதைக் குறிக்கிற வினை வடிவம். கேட்டுக்கிட்டே இருங்க, தட்டிக்கிட்டே இருங்க. தமிழ்ல ஒரே "கேளுங்கள்"ல அது அடங்கிப் போச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எலியா தீர்க்கதரிசி. 1 இராஜாக்கள் 18. அந்த அதிகாரம் முதல் வசனத்துலயே தேவன் வாக்கு குடுத்துடறார், தேசத்தின்மேல் மழை பெய்யும்னு. கேக்கவே தேவையில்ல. அப்புறம் கர்மேல் மலையில பலிபீடத்து மேல அக்கினி கேக்கறான். ஒரே ஜெபம், உடனே விழுந்துடுது. அதே நாள், அதே மனுஷன், மழைக்கு மட்டும் முகத்தை முழங்கால்களுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு, வேலைக்காரனை ஏழு தரம் அனுப்பறான், கடல் பக்கம் போய்ப் பாருன்னு. அக்கினிக்கு ஒண்ணு, மழைக்கு ஏழு. அக்கினி கேக்கும்போது இருந்த விசுவாசம் மழை கேக்கும்போது கொறஞ்சு போச்சா? அப்படி யாராவது பிரசங்கம் பண்ணுவாங்களா?

ஆறு தரம் "ஒன்றும் இல்லை"ன்னு வந்து சொன்ன அந்த வேலைக்காரனைத்தான் நான் அடிக்கடி நினைச்சுப் பாப்பேன். எலியா தலையைத் தூக்கவே இல்ல. ஏறி இறங்கினது இவன்தான்.

மணலி_சாட்சி · புதன், காலை 11.20

அண்ணே, எலியா விஷயம் யோசிக்க வேண்டியதுதான். ஆனா மத்தேயு 6:7-ம் இருக்கே? "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்." திரும்பத் திரும்பச் சொல்றதைத்தானே ஆண்டவர் வேணாம்னார்?

பெரம்பூர்_லூர்து · புதன், காலை 11.38

இதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்க ஜெபமாலையைக் கிண்டல் பண்றீங்க. 🙂 வீண் வார்த்தை வேற, திரும்பச் சொல்ற வார்த்தை வேற. கெத்செமனேயில இயேசு மூணாம் தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபிச்சார்னு மத்தேயு 26:44-ல எழுதியிருக்கே, அது வீணா? நான் நவநாள் ஒன்பது நாளும் ஒரே வார்த்தை சொல்றவன்தான். நாலாவது நாள் வாய் மட்டும் சொல்லும், மனசு கடையில இருக்கும். ஏழாவது நாள் எப்படியோ திரும்பி வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

நெறியாளர் · புதன், மதியம் 12.15

ஜெபமாலை சரியா தப்பான்னு வந்த பதினோரு பதிவை எடுத்துட்டேன். அதுக்குத் தனி இழை இருக்கு, அங்க போய் அடிச்சுக்கோங்க. இது அந்தத் தம்பி கேள்விக்கு.

காசிமேடு_வலைக்காரன் · புதன், மதியம் 2.05

பாதியில விட்டவரே, எலியா மேட்டர் சூப்பர். ஏழாவது தரம் அந்த வேலைக்காரப் பையன் கண்டது உள்ளங்கை அத்தனை மேகம். அது இன்னான்னு கரையில இருக்கறவனுக்குத் தெரியாது. நடுக்கடல்ல அத்தனூண்டு கண்டாலே நாங்க வலையை இழுத்துடுவோம். அந்தப் பையன் சொன்ன உடனே எலியா ராஜாவுக்கு இன்னா சொல்லி அனுப்பறாரு? மழை உம்மைத் தடைபண்ணாதபடிக்கு ரதத்தைப் பூட்டிப் போயிடுங்க. இன்னும் ஒரு சொட்டு உழல. அந்தாளு கடல் தெரிஞ்ச ஆளுதான்.

ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. வருஷா வருஷம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது. அந்த டைம்ல வலை கட்டுவோம், படகுக்குப் பெயிண்ட் அடிப்போம், இஞ்சினை இறக்கி வேலை பாப்போம். எங்க ஐயர் வருஷம் தவறாம இதை வெச்சு ஒரு பிரசங்கம் போடுவாரு, "மீனவன் காத்திருக்கும் காலத்திலும் வலையைச் செப்பனிடுகிறான், இதுவே எதிர்பார்ப்பு"ன்னு. ஐயரே, எங்களுக்கு ஜூன் 14 ராத்திரின்னு தேதி தெரியும். தேதி தெரிஞ்சு காத்துனு இருக்கறதுக்கு விசுவாசம் எதுக்கு? கடன்காரன் போதும். இந்தத் தம்பிக்குத் தேதி தெரியாது. அவங்கம்மாக்கும் தெரியாது. ரெண்டையும் ஒண்ணா சேக்காதீங்க.

வியாசர்பாடி_ராஜி · புதன், மாலை 5.40

தூங்கி எழுந்தாச்சு.

லூக்கா 18 விதவைன்னா எனக்கு எங்க ஆயாதான். தாத்தா போனப்புறம் விதவைப் பென்ஷனுக்கு ஒரு ஆபீஸுக்கு நடந்தாங்க. மஞ்சப்பை. அதுல இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஒரு தண்ணி பாட்டில், ரெண்டு பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட் எதுக்குன்னு கேட்டா, "நாள் முழுக்க உக்கார வேண்டியிருந்தா?"ம்பாங்க. ஒவ்வொரு தடவையும் இன்னிக்குக் கிடைச்சுடும்னுதான் கிளம்புவாங்க, ஆனா பிஸ்கட் எடுக்காம கிளம்ப மாட்டாங்க. கடைசியில அந்த கிளார்க், "பாட்டி, உன்னைப் பாத்தாலே தலை வலிக்குது"ன்னு சொல்லிக்கிட்டே கையெழுத்து வாங்கிக் குடுத்தார். மூஞ்சி வீங்கினதுன்னு ஜெராக்ஸ் அண்ணன் எழுதினதும் சிரிப்பு தாங்கல.

ஆனா கதையோட மடிப்பு வேற இடத்துல இருக்கு. தேவன் அந்த கிளார்க் இல்ல. அநீதியுள்ளவனே செய்யும்போது தேவன் நியாயஞ்செய்யாமலிருப்பாரோன்னு இயேசு கேக்கறார். நாம தொந்தரவு பண்றதால அவர் இறங்கி வர்றதில்ல. அப்புறம் ஏன் திரும்பத் திரும்பக் கேக்கணும்? நானும் வருஷக்கணக்கா யோசிச்சேன். நைட் டியூட்டியில காலிங் பெல் அடிச்சுக்கிட்டே இருக்கிற பேஷண்டைப் பத்தி எனக்குப் பயமில்ல. அடிக்கறதை நிறுத்திட்ட பெட்டைத்தான் ஓடிப்போய்ப் பாப்பேன்.

பெயர்_வேண்டாம் · புதன், இரவு 9.18

எல்லாரும் நல்லா எழுதறீங்க. நான் கொஞ்சம் கசப்பா எழுதப் போறேன்.

என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். சபையில சங்கிலி ஜெபம் வெச்சாங்க, ஆளுக்கு ஒரு மணி நேரம், இருபத்து நாலு மணி நேரமும் அறுபடாம. நாற்பது நாள். நான் விடியக்காலை ரெண்டு மணி எடுத்தேன், ஏன்னா அந்த நேரம் யாரும் எடுக்க மாட்டாங்க. நம்பிக்கை இல்லாமயா ரெண்டு மணிக்கு எழுந்தேன்? அவர் புது சட்டை கேட்டார், வீட்டுக்கு வந்ததும் போட்டுக்க. வாங்கி அயர்ன் பண்ணி வெச்சேன். அதைத்தான் கடைசியில போட்டு விட்டோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ஒரு அம்மா வந்து, "எங்கயோ விசுவாசம் கொறஞ்சிருக்கும்மா"ன்னாங்க. இன்னொருத்தர், டோனாவூர்ல ஊழியம் பண்ண அயர்லாந்துக்காரம்மா ஏமி கார்மைக்கேல் கதை சொன்னார். சின்னப் பிள்ளையில நீலக்கண் வேணும்னு ஜெபம் பண்ணாங்களாம், காலையில எழுந்து கண்ணாடி பாத்தா அதே பழுப்புக் கண், பிற்பாடு நம்ம நாட்டுல ஊழியம் பண்ண அதுதான் உதவியா இருந்துச்சாம். கதை நல்ல கதைதான். கண் கலரும் என் புருஷனும் ஒண்ணா?

தம்பி, உன் 2,920-ஐ யாரும் அவிசுவாசம்னு சொல்ல விடாதே. கிடைக்கலைன்னா உன் மேல பழி போடற உபதேசம் எதுவா இருந்தாலும், அது கேக்கறவங்க கழுத்துலதான் விழும், மேடையில நிக்கறவங்க கழுத்துல இல்ல.

மணலி_சாட்சி · புதன், இரவு 9.50

சிஸ்டர், மன்னிச்சுடுங்க. நான் காலையில எழுதின விதை உதாரணத்தை எடுத்துடவா?

பெயர்_வேண்டாம் · புதன், இரவு 9.58

இருக்கட்டும் பிரதர். நீங்க என்னைச் சொல்லல.

கேரேஜ்_பெரியவர் · வியாழன், காலை 5.05

பெரம்பூர் கேரேஜில் (ரயில் பெட்டிப் பணிமனை) முப்பத்தி நாலு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

மகளே, உன் பதிவை மூன்று முறை வாசித்தேன். பதில் இல்லை. சரீரத்தில் குத்திய முள்ளை எடுக்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டார், முள் எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்று பதில் வந்தது. அதை ஒருவருக்கு அவருடைய ஆண்டவர்தான் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக்கூடாது.

தம்பிக்கு மட்டும் சில வார்த்தை. என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, பழைய கணக்குப் பதிவேடு. இடப்பக்கம் கேட்ட தேதி, வலப்பக்கம் பதில் வந்த தேதி. இந்தப் பழக்கத்தைப் பிரிஸ்டலில் அனாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரிடம் கற்றுக்கொண்டேன். 1844 நவம்பரில் ஐந்து பேர் மனந்திரும்ப வேண்டும் என்று அவர் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் வர ஒன்றரை ஆண்டு. இரண்டாவது ஆள் வர மேலும் ஐந்து ஆண்டு. மூன்றாவது ஆளுக்கு அதற்குப் பிறகும் ஆறு ஆண்டு. முப்பத்தாறு ஆண்டு கழித்து எழுதும்போதும் மற்ற இருவருக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறார். ஒரு தடவை கேட்டவர் அல்ல. அவிசுவாசி என்று அவரை யாரும் சொன்னதில்லை.

என் நோட்டில் வலப்பக்கம் காலி அதிகம். சிலவற்றுக்கு எதிரில் "வேறு விதமாக" என்று எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்தில் "ஏன் என்று தெரியவில்லை". ஒரு இடத்தில் ஒரு ஜெபத்தை நானே அடித்திருக்கிறேன். அது கேட்டிருக்கக்கூடாத ஜெபம், என் மேலதிகாரிக்கு மாற்றல் வரவேண்டும் என்று.

பாதியில்_விட்டவன் · வியாழன், காலை 10.20

ஐயா, "வேறு விதமாக"ன்னதும் பிற்பாடு பிஷப்பான அகஸ்டீனோட அம்மா மோனிக்கா ஞாபகம் வருது. மகன் தன்னை விட்டு ரோமுக்குக் கப்பல் ஏறக்கூடாதுன்னு, கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு சிற்றாலயத்துல ராத்திரி முழுக்க அழுது ஜெபிச்சாங்க. அவர் பொய் சொல்லி அம்மாவை அங்க விட்டுட்டு அன்னிக்கு ராத்திரியே கப்பல் ஏறிட்டார். கேட்டது அப்படியே மறுக்கப்பட்டுது. ஆனா போன இத்தாலியிலதான் மனசு திரும்பி, 387-ல மிலான்ல ஞானஸ்நானம் வாங்கினார். அம்மா அதைப் பார்த்துட்டு அதே வருஷம் கண்ணை மூடினாங்க. இதையெல்லாம் எழுதி வெச்சது ஏமாத்திட்டுப் போன அந்த மகனேதான்.

(பெயர் வேண்டாம் சிஸ்டர், இது உங்களுக்குப் பதிலா எழுதல. தம்பியோட அம்மாவை நினைச்சு எழுதினேன்.)

காசிமேடு_வலைக்காரன் · வியாழன், மதியம் 1.30

நம்ம ஏரியா பேரே ராயப்பர் பேருதானே. ராயப்பர்னா பேதுரு. படகுக்காருங்க கட்டுன கோயிலு இன்னும் நிக்குது. அந்தப் பேதுரு ஜெயில்ல இருந்தப்ப சபையே ஊக்கமா ஜெபம் பண்ணிச்சு, அப்போஸ்தலர் 12. ஆளு வெளிய வந்து கதவைத் தட்டறாரு. ரோதைன்னு ஒரு பொண்ணு சத்தத்தைக் கேட்டுட்டு, சந்தோஷத்துல கதவைத் தொறக்காம உள்ள ஓடிச் சொல்லுது. ஜெபம் பண்ணினு இருந்தவங்க இன்னா சொன்னாங்க? "நீ பிதற்றுகிறாய்." அவரு வெளிய நின்னு தட்டினே இருக்காரு.

அப்ப அந்த ஜெபத்துல எதிர்பார்ப்பு எவ்ளோ இருந்துச்சு? ஒண்ணுமில்ல. ஆனாலும் ஆளு வந்துட்டாரு. அதனால தம்பி, உன் விசுவாசம் எத்தன கிலோன்னு தராசுல போட்டுனு இருக்காத. கதவாண்ட ஒரு ஆளை நிக்க வெய்யி.

கல்மண்டபம்_கடைசிப்பையன் · வியாழன், இரவு 11.15

எல்லாத்தையும் படிச்சேன். ரெண்டு மூணு பதிவை அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். பெயர் வேண்டாம் அக்கா பதிவை வாசிச்சு முடிச்சதும் அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அந்தப் பொண்ணு பேர் என்னன்னு கேளு"ன்னாங்க. பேர் போட மாட்டாங்கம்மான்னேன். "பரவால்ல, ரெண்டு மணி பொண்ணுன்னு சொல்லிக்கிறேன்"னாங்க.

கதவாண்ட ஆள்னு அண்ணன் எழுதினதும் ஒண்ணு கண்ணுல பட்டுது. எங்க வீட்டு மாடிப்படி கும்மிருட்டு, படி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம். அம்மா எட்டு வருஷமா அங்க ஒரு பல்ப் போட்டு வெச்சிருக்காங்க. அண்ணன் வர்ற வரைக்கும் எரியும். சோறு ஒரு தட்டுல போட்டு மேல இன்னொரு தட்டு கவுத்து வெச்சிருப்பாங்க. கரண்ட் பில்லுக்காக நான் எத்தனையோ நாள் அந்த லைட்டை அணைச்சிருக்கேன், அம்மா எழுந்து போய்த் திரும்பப் போடுவாங்க. இன்னிக்குக் கேட்டேன், இது ஜெபத்துக்காகவாம்மா? "ஜெபமும் இல்ல ஒண்ணும் இல்ல, அவன் தடுக்கி விழுந்துடுவான்டா"ன்னாங்க.

இன்னிக்கு நான் அணைக்கல. ஜெபமும் ஒரு வரி பண்ணேன். பழைய வரிதான்.

வியாசர்பாடி_ராஜி · வெள்ளி, காலை 7.12

தம்பி, நர்ஸா ஒண்ணு சொல்றேன், இதையும் ஜெபத்தோட சேத்து வெச்சுக்கோ. முழு இரவு ஜெபத்துல யாராவது அண்ணனை, "இன்னியோட விட்டுடு"ன்னு சத்தியம் வாங்கி அப்படியே வீட்ல உக்கார வெச்சுடப் போறாங்க. பல வருஷமா தினம் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், அதுக்கப்புறம் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியற மாதிரி ஆகலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில மாத்திரையோடதான் நிறுத்தணும். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல பாப்பாங்க, காசு கிடையாது. அவர் வர மாட்டேன்னா நீயும் அம்மாவும் முதல்ல போய் டாக்டர்கிட்ட பேசுங்க. குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னே அல்-அனான் கூட்டமும் இருக்கு, அம்மாவுக்கு நல்லது.

கேரேஜ்_பெரியவர் · வெள்ளி, காலை 7.40

தம்பி, அண்ணன் பெயர் என்ன? நோட்டில் எழுத வேண்டும்.

கல்மண்டபம்_கடைசிப்பையன் · வெள்ளி, காலை 8.02

இங்க வேணாம் ஐயா, தனிச்செய்தில அனுப்பியிருக்கேன். ராஜி அக்கா, திங்கக்கிழமை லீவு சொல்லிட்டேன். எத்தனை மணிக்குப் போகணும்?

கேரேஜ்_பெரியவர் · வெள்ளி, காலை 8.15

இடப்பக்கம் தேதி போட்டாயிற்று.

வியாசர்பாடி_ராஜி · வெள்ளி, காலை 8.20

ஏழு மணிக்கே போய் ஓபி சீட்டு போட்டுடு. ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துக்கோ. பிஸ்கட்டும்.